சிலந்திதான் கடித்ததா?



சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம் மனத்தை மிகவும் வருத்திற்று. எழுதியவர் சிற்றூர் ஒன்றில் வாழும் குடும்பத்தலைவி. ஊரையும் பேரையும் வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டுள்ளார். எனவே நடந்ததை மட்டும் இங்குச் சுருக்கிக் கூறுகின்றோம்.

அறுவடைக் காலம். அவருடைய கணவர் வழக்கம்போல் திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். இரவு ஒரு மணியளவில் கணுக்காலுக்கு மேலே எறும்பு கடித்தாற்போல் உணர்ந்து விழித்துக்கொண்டார். விளக்கை ஏற்றிப் பார்த்தபோது, உள்ளங்கை அகலமுள்ள சிலந்தி ஒன்று சுவரில் ஓடிற்று. வேறெதுவும் கண்ணிற் படவில்லை. கடிவாயிலும் குறிப்பிடத்தக்க அடையாளம் இல்லை. "சிலந்திதான்" என்று இருவரும் முடிவு செய்தனர். அதனை அடித்துக் கொன்றனர்.

பின்னர் அச்சகோதரி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் தம் மாமியார் ஒட்டி வைத்திருந்த பழைய தாள் ஒன்றைப் படித்தார். அதிற்கண்டபடி கடிவாய்க்கு மேலே துணியால் இறுகக் கட்டினார்; பெர்மாங்கனேட் கரைசலால் கழுவினார். சற்று நேரத்தில் கணவருக்கு வயிற்றுவலி எடுத்தது, வாந்தியும் வந்தது. இரவு உண்ட உணவு செரிக்கவில்லை போலும் என்றெண்ணி ஓமநீர் கொடுத்தார். பொழுது விடியும் வேளையில் கணவரின் கண்ணிமைகள் மேலெழவில்லை, நா குழறிற்று. அழுகுரல் கேட்டு ஓடிவந்தோருள் அண்டை வீட்டில் விடுமுறைக்கு வந்திருந்த செவிலியர் கல்லூரி மாணவி ஒருத்தியும் இருந்தாள். அவள் பார்த்த மாத்திரத்தில், "அக்கா, இது சிலந்தி இல்லை, கட்டுவிரியன் போலிருக்கிறது" என்று கூறி, 108 ஊர்தியை வரவழைத்தாள். ஐந்து நாள் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு கிடந்து அவர் பிழைத்தெழுந்தார். இறுகக் கட்டிய காலின் வீக்கம் வடிவதற்கு மேலும் பல நாட்கள் ஆயின.

மடலின் இறுதி வரிகள் இவை: "அந்தத் தாள் உங்கள் இதழிலிருந்து நறுக்கி ஒட்டியதுதான். சிலந்திக் கடிக்கு உண்மையில் என்ன செய்ய வேண்டும்? நான் செய்ததில் எது தவறு? மறைக்காமல் எழுதுங்கள்."

நாம் பழைய தொகுதிகளைப் புரட்டிப் பார்த்தோம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், இதே பகுதியில், நச்சுக்கடிகள் அனைத்துக்கும் பொதுவாக அக்குறிப்பு வெளிவந்துள்ளது. அந்நாளைய முதலுதவி நூல்கள் கூறியதையே அது கூறிற்று. அன்று சரியெனக் கருதப்பட்டது பின்னர்த் தவறெனத் தெளியப்பட்டது. ஆயினும் அதனைத் திருத்தி வெளியிடும் கடமையை நாம் இதுவரை ஆற்றவில்லை. தவறு அச்சகோதரியுடையதன்று, நம்முடையது. இம்மாதப் பகுதி அவருக்கு நாம் அளிக்கும் மறுமொழி; அப்பழைய தாளுக்குத் திருத்தமுமாகும்.

வீட்டுச் சிலந்தி கொடியதா?

உலகில் இதுவரை பெயரிடப்பெற்றுள்ள சிலந்தி இனங்கள் 50,000க்கும் மேற்பட்டவை. ஏறத்தாழ அவை அனைத்துக்கும் நஞ்சு உண்டு. ஆனால் அந்நஞ்சு ஈ, கொசு, கரப்பான் போன்றவற்றை வீழ்த்துவதற்காக அமைந்தது. பெரும்பாலான சிலந்திகளின் பற்கள் மனிதத் தோலைத் துளைக்கும் வலுவற்றவை. துளைத்தாலும் உட்செல்லும் நஞ்சு மிகச் சிறிதளவே. மனிதருக்குப் பெருங்கேடு செய்ய வல்லவை மிகச் சில இனங்கள்தாம்.

மடலிற் கண்ட பெரிய சிலந்தியை நாம் எல்லாரும் அறிவோம். பழுப்பு நிறம், தட்டையான உடல், நண்டின் கால்களைப்போல் இருபுறமும் பரந்த நீண்ட கால்கள். இது வலை பின்னுவதில்லை. இரவில் சுவரில் ஓடிக் கரப்பான் பூச்சிகளைப் பிடித்துண்ணும். வெண்ணிற வட்டப் பை ஒன்றை வயிற்றின்கீழ் அணைத்துக்கொண்டு இது திரிவதைத் தாய்மார் பலர் கண்டிருப்பீர்கள். அது அதன் முட்டைப்பை. கையாற் பிடித்தாலோ துணிக்குள் அகப்பட்டு நசுங்கினாலோ அன்றி இது கடிப்பதில்லை. கடித்தாலும் குளவி கொட்டினாற்போல் வலித்து, சிவந்து, சிறிது தடித்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

நம் நாட்டில் சற்று அஞ்சத்தக்க சிலந்திகள் சில உள்ளன. முதலாவது, பழைய மரங்களின் பொந்துகளில் வாழும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இதன் இனங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு, இராமேசுவரத்து அனுமவிலாசக் கோயிலின் பெயரையே 2004ஆம் ஆண்டில் அறிவியலார் சூட்டினர். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம் அது. இப்பெருஞ்சிலந்தி கடித்தால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும். சில மணி நேரத்துக்குப் பின் கை கால்களில் தசைப்பிடிப்பு ஏற்படலாம். அப்பிடிப்பு சில நாட்கள் வரை விட்டுவிட்டு வருவதும் உண்டு. வலி பெரிது, உயிருக்கு அபாயம் அரிது.

இரண்டாவது, "கருவிதவை" எனப்படும் சிலந்தியின் இனம். உருண்டு திரண்ட கரிய வயிறும் அதில் செந்நிறக் குறியும் உடையது. நம் நாட்டில் மிக அரிதாகவே காணப்படுகின்றது. இது கடித்தால் ஓரிரு மணி நேரத்தில் வயிறும் முதுகும் மரக்கட்டைபோல் இறுகி வலிக்கும், வியர்வை பெருகும், இரத்த அழுத்தம் உயரும். மூன்றாவது, கடித்த இடத்துத் தோலை அழுகச் செய்யும் பழுப்புச் சிலந்தி. அமெரிக்காவில் பெரிதும் பேசப்படும் இவ்வகை நம் நாட்டில் மிக அரிது. ஆகவே, "சிலந்தி கடித்துச் சதை அழுகிவிட்டது" என்று யாரேனும் கூறினால், நம் நாட்டைப் பொறுத்தவரை அது வேறொன்றாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

சிலந்தி கடித்திருந்தால்

கடித்தது சிலந்திதான் என்பது கண்கூடாகத் தெரிந்தால் செய்யவேண்டியவை எளியவை.

1. கடிவாயைச் சோப்பும் தூய நீரும் கொண்டு நன்கு கழுவுக. இந்த ஒரு செயலே புண் சீழ்வைக்காமல் பெரிதும் காக்கும்.

2. கையிலோ காலிலோ கடித்திருந்தால் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றை உடனே கழற்றுக. வீங்கிய பின் கழற்றுவது கடினம்.

3. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை, அல்லது துணியிற் சுற்றிய பனிக்கட்டியை, பத்து நிமிடம் வைத்து எடுக்கவும். சற்றுப் பொறுத்து மீண்டும் வைக்கவும். பனிக்கட்டியை நேரே தோலின்மேல் வைத்தலாகாது.

4. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், தலையணையின்மேல் சிறிது உயர்த்தி வைக்கவும்.

5. வலிக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு எடைக்குத் தக்க அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து கொடுக்கவேண்டும். அவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது.

6. இரணசன்னித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் அதனை மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

7. சிலந்தியை ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தால் ஒரு குப்பியில் இட்டு எடுத்துச் செல்லலாம். கைப்பேசியில் படம் பிடித்தாலும் போதும். ஆனால் அதனைத் தேடுவதில் ஒரு நிமிடத்தையும் வீணாக்கலாகாது.

பின்வரும் அறிகுறிகளுள் ஒன்று தோன்றினும் வீட்டில் வைத்துப் பார்த்தல் தகாது: தசைப்பிடிப்பு, கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, மிகுந்த வியர்வை, மூச்சுத்திணறல், உதடும் முகமும் வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, கண்ணிமை சரிதல். உடனே 108ஐ அழைக்க வேண்டும். சிறு குழந்தைகளும் முதியோரும் கருவுற்ற தாய்மாரும் அறிகுறி சிறிதாயினும் மருத்துவரைக் காண்பதே நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. கடிபட்ட உறுப்பு முழுவதையும் மீள்தன்மையுள்ள பட்டையால் சுற்றிக் கட்டவேண்டும் என்று சொல்லும் குறிப்புகள் இந்நாளில் கைப்பேசி வழியே பரவுகின்றன. அம்முறை ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரைச் சுற்றி வாழும் புனல்வலைச் சிலந்திக்கு உரியது. அது மிகக் கொடிய சிலந்தி. 1981ஆம் ஆண்டில் அதற்கு நஞ்சுமுறி மருந்து வந்தபின் அங்கு எவரும் அதன் கடியால் இறந்ததாக உறுதி செய்யப்படவில்லை. அச்சிலந்தி நம் நாட்டில் இல்லை. அந்நாட்டிலேயே, செம்முதுகுச் சிலந்தி என்னும் வேறோர் இனம் கடித்தால் இவ்வாறு கட்டக்கூடாது என்றே கற்பிக்கின்றனர். கட்டினால் வலிதான் மிகும். ஓர் ஊரின் மருந்து மற்றோர் ஊரின் நோய்க்கு எப்போதும் பொருந்துவதில்லை.

சிலந்தியின் பெயரில் மறைந்திருப்பவை

சிலந்திக் கடிக்கு முதலுதவி இவ்வளவே. ஆயினும் அச்சகோதரியின் கணவரைச் சாவின் வாயில் வரை கொண்டு சென்றது சிலந்தியன்று. "சிலந்தி" என்னும் சொல். பெயர் சூட்டியவுடன் மனம் அமைதியடைந்துவிடுகின்றது. அதன்பின் வரும் அறிகுறிகளை நாம் பார்த்தும் பாராதிருக்கின்றோம்.

நம் மொழியில் சிலந்தி என்னும் சொல்லுக்கு எட்டுக்கால் பூச்சி என்பது மட்டுமன்றி, கட்டி, கொப்புளம் என்னும் பொருள்களும் உண்டு. காரணம் புலப்படாத புண்ணையெல்லாம் நம் முன்னோர் அதன்மேல் ஏற்றினர். காலில் கொப்புளமாக எழுந்து, அதிலிருந்து நூல்போன்ற புழு வெளிப்படும் நோயை "நரம்புச் சிலந்தி" என்றழைத்தனர். அந்நோய்க்கும் சிலந்திக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குடிநீரில் வாழும் நுண்ணிய நீர்த்தெள்ளின் வழியே அப்புழு உடலினுட் புகுந்தது. உண்மைக் காரணம் தெளிந்து, நீரை வடிகட்டவும் படிக்கிணறுகளைத் திருத்தவும் தலைப்பட்ட பின்னர் அந்நோய் ஒழிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாட்டை அந்நோயற்ற நாடாக அறிவித்தது. பெயர் தவறாயிருந்த வரை நோய் இருந்தது. காரணம் தெளிந்ததும் அகன்றது.

இந்நாளிலும் சிலந்தியின் பெயரால் மறைந்து வருபவை ஐந்து. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, கட்டுவிரியன். இது இரவில் இரைதேடும் பாம்பு. தரையில் உறங்குவோரின் படுக்கைக்கு வரும். இதன் பற்கள் மிகச் சிறியவை. ஆதலால் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, வீங்குவதில்லை, சிலரிடம் பல் பதிந்த அடையாளமே தெரிவதில்லை. எறும்போ சிலந்தியோ என்றெண்ணி மீண்டும் உறங்கச் செல்வோர் பலர். சில மணி நேரத்தில் வயிற்றுவலியும் வாந்தியும் தோன்றும். பின்னர்க் கண்ணிமை சரியும், விழுங்க இயலாது, பேச்சுக் குழறும், இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். ஆகவே, இரவில் தரையில் உறங்கியவர் காரணம் தெரியாத கடியோடு விழித்தாலும், கடியே உணராமல் வயிற்றுவலியோடு விழித்துப் பின் இமை சரியக் கண்டாலும், கட்டுவிரியன் என்றே கருதி மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். பொய்யாயின் மகிழ்வோம், மெய்யாயின் உயிர் தப்பும். அறிகுறி ஒன்றும் இல்லையெனினும் 24 மணி நேரம் மருத்துவர் கண்காணிப்பில் இருத்தல் நலம்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு கணித்தது; ஆண்டுக்குச் சராசரி 58,000. இவர்களுள் பலர் சிற்றூரினர், உழவர். கட்டுவிரியன் நஞ்சுக்கு முறிமருந்து நம் அரசு மருத்துவமனைகளில் உண்டு. அம்மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சினைச் சென்னைக்கருகில் வடநெம்மேலியில் 1978இல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பன்னெடுங்காலமாக அளித்து வருகின்றது. மருந்து அருகிலிருந்தும் காலந்தாழ்த்தி உயிரிழத்தல் எத்துணைக் கொடுமை!

இரண்டாவது, செந்தேள். இருளில் கொட்டிவிட்டு மறைந்தால் இதுவும் சிலந்தியாகிவிடுகின்றது. வலி கடுமையாக இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குழந்தைக்கு உடல் முழுதும் வியர்த்து, கை கால் சில்லிட்டு, வாந்தியும் படபடப்பும் தோன்றினால் நஞ்சு இதயத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்பதே பொருள். மகாராட்டிர மாநிலத்தின் மகாடு என்னும் சிறுநகரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் என்னும் மாத்திரையை இதற்குப் பயன்படுத்தி, முன்பு பெருகியிருந்த இறப்புகளை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அம்மாத்திரையை மருத்துவர்தாம் கொடுக்கவேண்டும்; விரைந்து அவரிடம் சேர்ப்பதே நம் பணி.

மூன்றாவது, உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்பர். புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. இவ்வுண்ணியும் சிலந்தியும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. கடித்தது தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் தோன்றும். உடலில் ஓரிடத்தில், சுருட்டு நெருப்புச் சுட்டாற்போல் கருமையான பொருக்கொன்று காணப்படலாம். அது வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி ஆகிய மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். கூச்சத்தால் அதனைக் காட்டாதோர் பலர். கண்டாலும் "சிலந்திக் கடி" என்று பச்சிலை அரைத்துப் பூசுவோர் சிலர். காய்ச்சலும் கரும்பொருக்கும் சேர்ந்து காணப்பட்டால் அதனை மருத்துவரிடம் கட்டாயம் காட்டவேண்டும். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் எளிய மருந்துகளுக்கு இந்நோய் பணிந்துவிடும். பென்சிலின் வகை மருந்துகளுக்குப் பணியாது. காலந்தாழ்ந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரும்.

நான்காவது, நீரிழிவின் புண். கடித்த பூச்சியை எவரும் கண்டிராமல், முதுகிலோ பிடரியிலோ சிவந்து பருத்துப் பல கண்களோடு சீழ்பிடிக்கும் கட்டியை "ராஜபிளவை" என்று முன்னோர் அழைத்தனர். பெரும்பாலும் அது நீரிழிவுள்ளோரை வருத்தும் கிருமிக் கட்டி. நீரிழிவு தமக்குண்டு என்பதை இக்கட்டி வந்த பின்னரே அறிவோரும் உளர். இரத்தச் சர்க்கரையைச் சோதியாமல் களிம்பு பூசிக்கொண்டிருப்பது ஆபத்து.

ஐந்தாவது, மழைக்கால வண்டின் கொப்புளம். "சிலந்தி சிறுநீர் கழித்துவிட்டது" என்று நம் வீடுகளில் கூறுவது பெரும்பாலும் இதனையே. எறும்பின் வடிவில், ஆரஞ்சு நிறமும் கருமையும் மாறிமாறி அமைந்த மெல்லிய வண்டொன்று மழைக்காலத்தில் விளக்கொளிக்கு வரும். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஊரும்போது நாம் அதனைக் கையால் தேய்த்து நசுக்குகின்றோம். அதன் உடல்நீர் பட்ட இடத்தில் மறுநாள் கோடுபோல் எரிச்சலும் கொப்புளமும் எழுகின்றன. நசுக்காமல் ஊதித் தள்ளுவதே நன்று. பட்டுவிட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவுக. அக்கையால் கண்ணைத் தொடாதிருக்க. இவ்வைந்தனுள் எளியது இதுவே.

செய்யத் தகாதவை

பழைய தாளில் நாம் எழுதியவற்றை இப்போது நாமே நீக்குகின்றோம். கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டலாகாது. கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உறுப்பே கெடக்கூடும். அறியாமல் யாரேனும் கட்டியிருந்தால் அதனை வீட்டில் திடீரென அவிழ்த்துவிடாமல், அந்நிலையிலேயே மருத்துவமனைக்கு விரைந்து, மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்க வேண்டும். பிளேடால் கீறலாகாது, வாயால் உறிஞ்சலாகாது, நெருப்பாற் சுடலாகாது. பெர்மாங்கனேட், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் இவற்றுள் எதனையும் பூசலாகாது. மது கொடுக்கலாகாது.

பாம்பென ஐயமுற்றால் நோயாளியை நடக்க விடாதீர்கள். கால் முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் மட்டையோ பலகையோ வைத்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் எடுத்துச் செல்லுங்கள். வாந்தி எடுப்பவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விழுங்க இயலாதவருக்கு நீரோ கஷாயமோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும்.

மந்திரித்தல், பார்வை பார்த்தல், வேப்பிலை அடித்தல் ஆகியவற்றால் நற்பெயர் பெற்றோர் ஊர்தோறும் உளர். சிலந்தி கடித்த நூறு பேரும் தாமே குணமடைவர். புகழ் மந்திரித்தவரைச் சேரும். நூற்றோராவது ஆளைக் கட்டுவிரியன் கடித்திருக்கும். அவரைப் பொறுத்தவரை, அங்குச் செலவிட்ட இரண்டு மணி நேரமே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட நேரம். பிறரைச் சொல்வானேன்? எரித்த எலும்பினாற் செய்த "விஷக்கல்" நஞ்சை உறிஞ்சிவிடும் என்னும் நம்பிக்கை நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றிலும் இல்லங்கள் சிலவற்றிலும் நல்லெண்ணத்தோடு பேணப்பட்டு வந்துள்ளது. அக்கல் நஞ்சை நீக்குவதில்லை என்பது ஆய்வுகளால் தெளிந்த உண்மை. நல்லெண்ணம் மட்டும் நஞ்சினை முறிக்காது.

வருமுன் காத்தல்

தரையில் உறங்குவதைத் தவிர்க்க இயலாதோர் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின்கீழ்ச் செருகிக்கொள்ள வேண்டும். கொசு, தேள், சிலந்தி, கட்டுவிரியன் நான்குக்கும் அந்த ஒரு வலையே காவல். கட்டில் வாங்க வசதியுள்ளோர் சுவரிலிருந்து சிறிது தள்ளி இடுக. படுக்கையை உதறி விரித்தல், காலணியைத் தட்டி அணிதல், கொடியில் தொங்கும் சட்டையை உதறி உடுத்தல் ஆகியவற்றைக் குழந்தைகளுக்குப் பழக்குங்கள். விறகு, செங்கல், தேங்காய் மட்டை ஆகியவற்றை வீட்டுச் சுவரையொட்டிக் குவிக்காதீர்கள்; அங்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். புதர் செதுக்கும்போது முழுக்கைச் சட்டை அணிந்து, வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுங்கள்.

சுவரில் ஓடும் சிலந்தியைக் கொல்ல வேண்டுமென்பதில்லை. ஒரு கிண்ணத்தால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே விட்டுவிடலாம். உங்கள் வீட்டுக் கரப்பான் பூச்சிகளைக் கூலியின்றிக் குறைத்து வரும் வேலையாள் அது.

கதவில் ஒட்டுவதற்கு

பழைய தாளைக் கிழித்துவிட்டு, கீழ்க்காணும் வரிகளை நறுக்கி ஒட்டுமாறு வாசகர் அனைவரையும் கேட்டுக்கொள்கின்றோம்.

சோப்பிட்டுக் கழுவு. நகையைக் கழற்று. அசையாமல் வை.

கட்டாதே, கீறாதே, சுடாதே, எதையும் பூசாதே.

கடித்ததைக் கண்ணாற் காணாவிடில் சிலந்தி என்று சொல்லாதே.

இரவில் தரையில் உறங்கியவர் எனில் பாம்பென்றே கொள், உடனே 108.

கண்ணிமை சரிதல், வயிற்றுவலி, வாந்தி, வியர்வை, மூச்சுத்திணறல், தசைப்பிடிப்பு: உடனே 108.

காய்ச்சலும் கரும்பொருக்கும்: மருத்துவரிடம் காட்டு.

மடல் எழுதிய சகோதரிக்கு: நீங்கள் அந்நள்ளிரவில் பதறி நிற்காமல், கையிலிருந்த அறிவுரையை நம்பி, அதில் கண்டதைச் செய்தீர்கள். ஒரு மனைவி செய்யக்கூடியது அதுவே. உங்கள் கையிலிருந்த தாள்தான் பிழையானது. உங்கள் கணவர் மீண்டும் வயலுக்குச் செல்வதாக எழுதியிருக்கிறீர்கள், பெரிதும் மகிழ்கின்றோம். அவருக்கு ஒரு கொசுவலை வாங்கிக் கொடுங்கள். வேளையறிந்து சொன்ன அந்த அண்டை வீட்டுப் பெண்ணுக்கு நம் வாழ்த்தைத் தெரிவியுங்கள்.